ஒயர் வெட்டுகிற ஊரில் போகி

நடந்தவை, நடந்த வரிசைப்படி:

1. வெள்ளிக்கிழமை, ஸ்டாவ்ரோஸ் என்பவர் தன் ரிப்பேர் கடையிலிருந்து நான்கு மின்சாதனங்களை என்னிடம் கொடுத்தார். நான்கிலும் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது நான்கையும் ஓடுகிற நிலையில் கொண்டுவந்தால் வேலை எனக்கு. இல்லையென்றால் மத்தியானம் வருகிற இன்னொருவருக்கு.

2. சனிக்கிழமை நான்குக்கும் புது ஒயர் போட்டேன். நான்கும் ஓடின.

3. ஞாயிறு காலை, போகிக்கு வீடு கழுவுவதற்காக வீட்டுச் சாமான் முழுவதையும் வாசலுக்கு முன்னால் இருக்கும் புல்தரையில் எடுத்து வைத்தோம். அந்த நான்கும் அதில் சேர்த்தி.

4. நாங்கள் பின்பக்கத்து அறையின் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு கென் ஒரு கட்டிங் பிளேயரோடு வந்து, புல்தரையில் இருந்த எல்லாச் சாதனங்களின் ஒயரையும் வெட்டினார்.

5. எங்கள் ஃப்ரிட்ஜின் கதவைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

6. பிறகு தெருவில் போனவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

7. நான் அழுக்குத் தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தபோது மிச்சம் இருந்தவை: கதவில்லாத ஃப்ரிட்ஜ், கட்டில், ஒரு ஹீட்டர், அம்மிக்கல்.

இதில் யாரும் திருடவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அதுதான் சிக்கலே. திருட்டு என்றால் போலீசுக்குப் போகலாம்.

நம் ஊரில் இருப்பவர்கள் படிப்பதற்கென்று எழுதுவதால் சில வரிகளுக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

முதல் வரிக்கு

மெல்போர்ன் நகரத்துக்கு வெளியே, ரயில் தண்டவாளம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். அவருக்குச் சொந்த ஊர் பாப்பிரெட்டிப்பட்டி, எனக்கு அதியமான்கோட்டை. மகள் உமாவுக்கு ஆறு வயது. வந்த புதிதில் அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இப்போது தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. கோபம் வந்தால் மட்டும் தமிழ் வருகிறது. அவள் தமிழை மறக்காமலிருக்க அடிக்கடி கோபப்படுத்த வேண்டியிருக்கிறது.

நான் சேலத்தில் தங்கி எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவள். இங்கே வந்த பிறகு பிஸ்கட் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். லேபிள் நேராக இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்; கோணலாக இருந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இதற்கு மேல் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. படித்த வேலையைச் செய்ய வேண்டும் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி மரியாதையான மனிதர். என் சான்றிதழை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். நான் படித்த மின்சாரமும் இந்த நாட்டு மின்சாரமும் ஒன்றுதானா என்று கேட்டார். எங்கள் ஊரில் இருநூற்று முப்பது வோல்ட், இங்கே இருநூற்று நாற்பது, சைக்கிள் இரண்டு இடத்திலும் நொடிக்கு ஐம்பது என்றேன். கொஞ்சம் யோசித்து, 'ஏறக்குறைய ஒன்று' என்று எழுதிக்கொண்டார். லைசன்ஸ் பரீட்சை எழுத வேண்டுமானால், லைசன்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டுமாம். அப்படி ஒரு வேலை கிடைக்க வேண்டுமானால் லைசன்ஸ் இருப்பது நல்லதாம். விளக்கி முடித்ததும் அது ஒரு வட்டம் என்பதை அவரே கவனித்திருக்க வேண்டும். எழுந்து போய் எனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தார்.

லைசன்ஸ் கேட்காமல் என்னிடம் பேசிய முதல் ஆள் ஸ்டாவ்ரோஸ். அவரும் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்தான், கிரேக்க நாட்டிலிருந்து. ரயில் நிலையத்துக்கு எதிரே கடை. அவர் வியாபாரம் முழுக்க வெட்டிய ஒயரில்தான் நடக்கிறது. அது எப்படி என்று சொல்கிறேன்.

இங்கே பழைய சாமானை விற்பதில்லை, போடுகிறார்கள். வருடத்தில் சில நாள் நகராட்சி லாரி வந்து பெரிய குப்பையை அள்ளிக்கொண்டு போகும். அதற்கு முந்தின நாட்களில் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும், காம்பவுண்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருக்கும் புல்தரையில், வேண்டாத சாமான் குவியும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வெட்கம் இல்லை. காரில் வந்து இறங்கி, சோபாவில் உட்கார்ந்து பார்த்து, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகிறார்கள். மின்சாதனமாக இருந்தால் மட்டும் ஒயரை வெட்டிவிட்டுத்தான் வெளியே வைப்பார்கள். கெட்டுப்போனதை யாராவது எடுத்துப் போய்ச் சொருகி ஷாக் அடித்துச் செத்துவிடக் கூடாது என்பது காரணம். காரணம் நல்லதுதான். ஆனால் கெட்டுப்போகாததன் ஒயரையும் வெட்டுவார்கள். வெட்டியதும் அது கெட்டுப்போனதாகிவிடுகிறது.

ஸ்டாவ்ரோஸ் தன் வேனில் தெருத்தெருவாகப் போய் இவற்றை எடுத்து வந்து, புது ஒயர் போட்டு விற்கிறார்.

எனக்கு இது பழகவே நாளானது. அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டில் மூன்று சாதனங்களுக்கு ஒரே ஒயர் இருந்தது. இஸ்திரிப் பெட்டியிலிருந்து உருவி ஸ்டவ்வுக்கு, ஸ்டவ்விலிருந்து உருவி வெந்நீர்ப் பாத்திரத்துக்கு. மேசை விசிறியைப் பல்பு ஹோல்டரில்தான் சொருக வேண்டும். அதனால் வெளிச்சம் வேண்டுமா காற்று வேண்டுமா என்று முடிவு செய்துகொண்டுதான் உட்காருவோம். தருமபுரிக் கடைவீதியில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்த பாய், ஒயரைப் பூக்காரம்மா மாதிரி முழம் போட்டு அளந்து கொடுப்பார். 'இன்னும் அரை முழம் சேத்து வுடுங்க பாய்' என்று அப்பா கேட்பார். 'மல்லின்னா வுடுவனுங்க, இது செம்பு' என்பார் பாய். சாதனம் செத்துப் போனால் ஒயர் அடுத்த சாதனத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் ஒயருக்குச் சாவே கிடையாது. இங்கே முதலில் கொல்வது ஒயரைத்தான்.

இரண்டாவது வரிக்கு

ஸ்டாவ்ரோஸ் கொடுத்தவை: தரை உறிஞ்சும் வாக்குவம் கிளீனர், மேசை விசிறி, ஹீட்டர், ஜெர்மனியில் செய்த பழைய டோஸ்டர்.

முதல் மூன்றும் சாதாரணம். டோஸ்டரில்தான் பரீட்சை இருந்தது. நம் ஊரில் சிவப்பு ஒயர் என்றால் பேஸ், அதாவது மின்சாரம் வருகிற ஒயர். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த். இங்கேயும் நேற்று வரை அதுதான். இப்போது பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். டோஸ்டரின் அடித்தகட்டைத் திறந்தால், வெட்டிய ஒயரின் மிச்சம் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நிறங்கள் கறுப்பு, சாம்பல், சிவப்பு. சிவப்பைப் பேஸ் என்று எடுத்துக்கொண்டு கை பழக்கத்தில் போட்டிருப்பேன். பேட்டரியும் சின்ன பல்பும் வைத்துப் பார்த்தபோது சிவப்பு போய் முடிந்தது டோஸ்டரின் உடம்பில். அந்தக் காலத்து ஜெர்மன்காரர்களுக்குச் சிவப்பு என்றால் எர்த். பழக்கத்தில் போட்டிருந்தால் ரொட்டி வாட்டுகிறவரும் சேர்ந்து வாட்டப்பட்டிருப்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கையும் வரிசையாக வைத்து ஓடவிட்டேன். ஜனவரி மாதம், இங்கே கடும் கோடை, அதில் ஹீட்டரும் எரிகிறது. என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து, எதுவும் கேட்காமல் விசிறிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"நாலும் ஓடுதுங்க," என்றேன்.

"ரெண்டு ஓடுனா போதும்னு இருந்தேன்," என்றார். "திங்கக்கெழம அந்தாளு வேலை குடுத்துருவாரா?"

"குடுக்கறன்னு சொல்லிக்கீறாரு."

"அப்ப பிஸ்கட்டுக்கு ஒரு கும்புடு போட்ரலாம்."

மூன்றாவது வரிக்கு

இதுவரை மாடிக் குடியிருப்பில் இருந்தோம். வாசல் தெருவோடு இருக்கிற வீடு கிடைத்தது இந்த வருடம்தான். அதனால் இந்தப் போகிக்கு முறைப்படி வீடு கழுவுவது என்று தீர்மானித்தேன்.

முறைப்படி என்றால் என் அம்மாவின் முறைப்படி. போகிக்கு முன்னால் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தெருவுக்கு வந்துவிட வேண்டும். பெட்டி, பானை, கட்டில், குதிரில் இருக்கிற கேழ்வரகு, சாமி படம், எல்லாம். "ஒரு டம்ளரு உள்ள இருந்தாலும் வூடு கழுவனதுல சேத்தி இல்ல" என்பார். சுண்ணாம்பு அடித்து, தரை காய்ந்து, பொழுது சாயும்போதுதான் எல்லாம் உள்ளே போகும். அதுவரை ஊரே தெருவில் இருக்கும். யார் வீட்டில் எத்தனை பித்தளை, யார் புதுப்பெட்டி வாங்கியிருக்கிறார்கள், யாருடைய மெத்தையில் எத்தனை ஒட்டு என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரியவரும். பார்ப்பார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். வெளியே இருப்பது வீட்டுக்குள் போகத்தான் இருக்கிறது என்று நாய்க்குக்கூடத் தெரியும்.

ஃப்ரிட்ஜை நகர்த்தும்போது என் வீட்டுக்காரர் ஆட்சேபித்தார்.

"இதுவுமா? இதுக்கு அடியில என்னா இருக்கப் போவுது?"

"என்னா இருக்குதுன்னு பாக்கத்தாங்க வெளிய எடுக்கறது."

உமா கூடவே இருந்தாள். அந்த வாரம் பூராவும் அவள் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ஏதோ லாரி, செவ்வாய்க்கிழமை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நாங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தோம். நகராட்சி போட்ட அறிவிப்புக் காகிதத்தையும் அவள்தான் ஒட்டி வைத்தாள். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். ஃப்ரிட்ஜோடு அதுவும் வெளியே வந்துவிட்டது. இந்தத் தெருவில் 'இன்றைக்கு எதை வெளியே வைத்தாலும் அது குப்பை' என்று எழுதிய காகிதத்தோடு குப்பையாக நின்றது எங்கள் ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

நாலாவது, ஐந்தாவது வரிகளுக்கு

கென் அறுபது தாண்டியவர். டிராம் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு கம்மி. நாங்கள் குடிவந்த அன்று வேலிக்கு மேலே தலையை நீட்டி, குழாயைத் திறந்தால் முதலில் செந்தண்ணி வரும், கொஞ்சம் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் சந்தித்தபோதெல்லாம் வெயிலைப் பற்றி மட்டும்.

நான் வாளியோடு நின்று புல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். நன்றியை எதிர்பார்த்து வந்த மாதிரி தெரிந்தது. புதிதாக வந்தவர்கள், வழக்கம் தெரியாமல் ஒயரோடு வெளியே வைத்துவிட்டீர்கள், எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன், கவலைப்பட வேண்டாம் என்றார். ஃப்ரிட்ஜ் கதவையும் கழற்றிவிட்டேன், குழந்தைகள் விளையாட்டாக உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் ஆபத்து என்றார். இவ்வளவு சாமானை ஒரே நாளில் போடுகிறீர்களே, ஊருக்குத் திரும்பிப் போகிறீர்களா என்றும் கேட்டார்.

இல்லை, வீடு கழுவுகிறோம் என்றேன்.

அவர் புல்தரையைப் பார்த்தார், என் வாளியைப் பார்த்தார். வீடு கழுவுவதற்கு வீட்டை வெளியே வைப்பார்களா என்று கேட்டார். அவர் சொன்ன விதத்தில் அது கேட்பதற்கே விநோதமாகத்தான் இருந்தது.

நான்கு சாதனங்களையும் திங்கட்கிழமையையும் பற்றிச் சொன்னேன். கென் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்டியது சரியான காரியம் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேலை போகிறது என்பது அவருக்குப் புரிந்தது. யார் யார் என்ன எடுத்தார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்றார்.

ஹீட்டர் இங்கேயே இருக்கிறது, இந்த வெயிலில் யார் எடுப்பார்கள். வாக்குவம் கிளீனர் எதிர்வீட்டு மார்கரெட்டிடம். டோஸ்டரை ஒரு வேன்காரர் எடுத்துப் போனார், யாரென்று தெரியவில்லை. விசிறி? என்று கேட்டேன்.

விசிறி தன்னிடம்தான் இருக்கிறது என்றார் கென்.

நான் புரியாமல் பார்த்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். வெட்டியது பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில். வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து எடுத்தது வழிப்போக்கன் என்ற முறையில். இரண்டும் வேறு வேறு. விசிறி நல்ல விசிறி, ஒயர்தான் இல்லை.

"ஏங்க, இவரு சொல்றது உங்களுக்குப் புரியுதா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"புரியுது," என்றார் அவர். "அதான் பயமா இருக்குது."

ஆறாவது வரிக்கு

புல்தரையிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கேட்பது இந்தத் தெருவில் வழக்கமில்லை. கொடுப்பதும் வழக்கமில்லை. மார்கரெட் வீட்டுக் கதவைத் தட்டி நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் சங்கடப்பட்டுப் போனார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் கையோடு எடுத்துக் கொடுத்தால், குப்பையிலிருந்து எடுத்ததைப் பறித்துக்கொண்ட மாதிரி உங்களுக்கும் ஆகும், திருடியதைத் திருப்பிக் கொடுத்த மாதிரி எனக்கும் ஆகும் என்றார். கென் அதற்குத் தலையாட்டினார். அதற்கு ஒரு வழி இருக்கிறதாம்: மார்கரெட் அதைத் தன் வீட்டுப் புல்தரையில் வைப்பார். நான் வழிப்போக்கியாகப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நல்லது என்றேன்.

அதற்குள் மார்கரெட்டின் மகன் அதற்கு வேறொரு ஒயரைப் போட்டிருந்தான். மார்கரெட் வாக்குவம் கிளீனரை வாசலுக்குத் தூக்கி வந்தார். கையில் கத்தரிக்கோல் இருந்தது.

அதை வெட்ட வேண்டாம், நான்தான் எடுக்கப் போகிறேன் என்று கெஞ்சினேன். ஒயரோடு எப்படி வெளியே வைப்பது, யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்றார் அவர். நான்தான் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்றேன். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும், தெருவுக்குத் தெரியாதே என்றார். கென் கத்தரிக்கோலைப் பார்த்து முகம் சுளித்து, கட்டிங் பிளேயரை நீட்டினார். ஒரே நாளில் இரண்டாம் தடவையாக அதன் ஒயர் வெட்டப்பட்டது.

நான் தெருவைக் கடந்து என் பக்கத்துக்குப் போய், திரும்பி வழிப்போக்கியாக வர வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் வாக்குவம் கிளீனரைக் குனிந்து பார்த்தார். நான் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் உமா பறந்து போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கோபம் வந்திருந்தது என்பது அவள் பேசிய மொழியில் தெரிந்தது.

"இது எங்க அம்மாவோடது. போங்க."

அந்த மனிதருக்குத் தமிழ் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கும் பொருள் குப்பை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

"எப்டிடி தெரியும், ஒக்காந்தா வுட்ருவாங்கன்னு?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்மா," என்றாள் உமா. "உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

அதற்குள் கோபம் தணிந்துவிட்டதால் இரண்டாவது வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் நான்தான் எழுதியிருக்கிறேன்.

மார்கரெட் கூடவே எங்கள் இட்லித் தட்டையும் எடுத்திருந்தார். முட்டை வேகவைக்க அருமையான பாத்திரம் என்று அன்று காலைதான் நான்கு முட்டை அவித்துப் பார்த்தாராம். அதற்கு ஒயர் இல்லாததால் கையோடு கொடுத்துவிட்டார். மற்றச் சாமானில் திரும்பக் கிடைத்தது கொஞ்சம்தான்; மீதி யார் யார் வீட்டிலோ புழங்குகிறது.

இனி ஒயர். ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் கிடையாது. வெட்டிய ஒயர்களையும் புல்தரையில் காணோம், எதைப் போடுவது என்று நான் நின்றபோது, கென் தன் காரேஜைத் திறந்தார். உள்ளே சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் சுருட்டிய ஒயர். அவர் இத்தனை வருடமாக இந்தத் தெருவில் வெட்டிய ஒயர்கள் அத்தனையும் அங்கே தொங்கின. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். நல்ல ஒயர், எப்படித் தூக்கிப் போடுவது என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை தருமபுரிக் கடைவீதியில் நின்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

என்னுடைய நான்கு ஒயர்களும் கதவோரத்து ஆணியில் புதிதாக இருந்தன. ஃப்ரிட்ஜுடையதும் இருந்தது. எல்லாம் ஒரு சாண் குறைந்து திரும்பி வந்தன. சாயங்காலத்துக்குள் மூன்று சாதனங்கள் மறுபடி ஓடின. விசிறியை கென் தன் புல்தரையில் வைத்து, நான் எடுக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். டோஸ்டர் கிடைக்கவில்லை. கென் காரை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருக்களில் எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். பரீட்சை எந்தச் சாதனத்தில் இருந்ததோ அதுதான் இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று

இடையில் ஒன்று. அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜ் கதவை மாட்டும்போது என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அறுபதுகளின் கடைசியில், அவர் வீட்டார் என்னைப் பெண் பார்க்க அதியமான்கோட்டைக்கு வந்திருந்தார்கள். வந்தவர்களுக்குக் காற்று வரட்டும் என்று என் அண்ணன், கடன் வாங்கி வந்த இரண்டாவது விசிறியையும் சேர்த்துச் சொருகினான். ஃபியூஸ் போய்விட்டது. கூடம் முழுக்க இருட்டு. லைன்மேனைக் கூப்பிட ஆள் அனுப்பலாமா என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். நான் பட்டுப்புடவையோடு எழுந்து போய் ஸ்டூலில் ஏறி, ஃபியூஸ் கட்டையை உருவி, செம்புக் கம்பி கேட்டேன். கீழிருந்து யாரோ டார்ச் அடித்தார்கள்.

"கொஞ்சம் எடது பக்கம் காட்டட்டுங்களா?"

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. விளக்கு வந்ததும் அவருடைய அம்மா என் அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணு பாட்டு பாடுமான்னு கேக்கலாம்னு வந்தமுங்க. இனிமேட்டு வேணாம்."

'கரண்ட தொட்டுப் படிக்கறவள எவன்டி கட்டுவான்' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த என் அம்மா, அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் படிப்பு கல்யாணத்துக்கு உதவியது. வேலைக்கு உதவுமா என்பதுதான் திங்கட்கிழமைக்குப் பாக்கி.

திங்கட்கிழமை

கென் காரில் அழைத்துப் போனார். நான் கேட்கவில்லை. காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து நின்றார். ஒயர் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

கடை திறந்ததும் ஸ்டாவ்ரோஸ் எங்களைப் பார்த்து மகிழ்ச்சியாகக் கை தட்டினார். மேசை மேல் ஒரு டோஸ்டர் இருந்தது. ஜெர்மன் டோஸ்டர். ஒயர் வெட்டியிருந்தது. பாருங்கள், உங்களுக்குக் கொடுத்ததற்கு ஜோடி, நேற்றுத்தான் ஒரு தெருவில் கிடைத்தது, ஒரே வாரத்தில் இரண்டு கிடைப்பது அதிர்ஷ்டம் என்றார். உங்களுடையதை வையுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

"இரண்டு இல்லை," என்றேன். "ஒன்றுதான்."

நடந்தவற்றை, நடந்த வரிசைப்படி, சொன்னேன். பாதியில் ஸ்டாவ்ரோஸ் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்திலிருந்து, சிரிக்கிறாரா வேலை இல்லை என்று சொல்லப் போகிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நான் முடித்ததும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டோஸ்டரின் அடித்தகட்டைத் திறந்தார்.

உள்ளே நான் போட்ட புது ஒயரின் வெட்டுப்பட்ட மிச்சம் இருந்தது. பச்சை-மஞ்சள் டோஸ்டரின் உடம்புத் திருகில். பழைய சிவப்பு இருந்த அதே இடத்தில். ஒயரை இழுத்தால் முனை கழன்று வராதபடி உள்ளே கிடுக்கி இறுக்கமாக இருந்தது. ஸ்டாவ்ரோஸ் அதை விரலால் இழுத்துப் பார்த்தார். கென் குனிந்து பார்த்தார். அவரும் இழுத்துப் பார்த்தார்.

இதற்கு முன் இந்த டோஸ்டரை இரண்டு பேரிடம் கொடுத்தேன், இருவரும் சிவப்பைப் பேஸ் என்று போட்டார்கள் என்றார் ஸ்டாவ்ரோஸ். பிறகு, வேலை உங்களுக்குத்தான், ஆனால் ஒரு பிரச்சினை என்றார்.

கடையின் லைசன்ஸ் அவருடைய கூட்டாளியின் பெயரில் இருக்கிறது. கூட்டாளி இந்த மாதத்தோடு வேறு ஊருக்குப் போகிறார். ஸ்டாவ்ரோஸின் சொந்த லைசன்ஸ் கிரேக்க நாட்டில் வாங்கியது. அதை இங்கே யாரும் வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் வருகிறவரிடம் லைசன்ஸ் இருக்கிறது. வேலை தெரியுமா என்பது தெரியாது. லைசன்ஸ் உள்ள ஒருவர் கடையில் இல்லாமல் நான் ஒரு பிளக்கைக்கூடத் தொடக் கூடாது.

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசன்ஸை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்த பெயரை மாற்ற என்னால் முடியாது. நான் கற்ற எதுவும் அதற்கு உதவாது.

கென் தொண்டையைச் செருமினார். சட்டைப் பையிலிருந்து பர்சை எடுத்து, தன் பழைய எலக்ட்ரீஷியன் லைசன்ஸ் அட்டையை உருவி மேசை மேல் வைத்தார். வருடா வருடம் புதுப்பித்திருந்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"இங்கே சரிசெய்ய முடியாததை எல்லாம் என்ன செய்கிறீர்கள்?"

வெளியே வைக்கிறோம் என்றார் ஸ்டாவ்ரோஸ்.

"ஒயரோடா?"

ஸ்டாவ்ரோஸ் அசடு வழியச் சிரித்தார். அது போதுமாக இருந்தது. கென் அன்றே சேர்ந்துகொண்டார்.

இப்போதைய நிலவரம்

இங்கே இப்போது குளிர்காலம். நான் ஸ்டாவ்ரோஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சட்டப்படி கென் என் மேற்பார்வையாளர். காலையில் வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காருகிறார். வருகிற சாதனங்களில் சரிசெய்ய முடியாதவற்றின் ஒயரை அவர் வெட்டுகிறார். வெட்டியதை ஆணியில் மாட்டுகிறார். மற்றவற்றுக்கு அந்த ஆணியிலிருந்து எடுத்து நான் போடுகிறேன். லைசன்ஸ் பரீட்சைக்கு ஒரு வருட வேலை வேண்டும். அதில் பாதி முடிந்திருக்கிறது.